வேர் பிடித்த வளையம்

பேரன் பிறந்த சேதியைச் சொல்ல நான் சைக்கிளில் போய் இறங்கியபோது, என் சம்பந்தியம்மா தெய்வானை வளையக் கடையில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. விரல்கள் மட்டும் பிரம்பின் மேல் சணலைச் சுற்றிக்கொண்டிருந்தன. புக்கிட் சீனா அடிவாரத்தில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், நடத்தும் கடை அது. சாவு வீடுகளுக்கு மலர்வளையம் கட்டிக் கொடுப்பார்கள்.

“தங்கச்சி! பேரன்!” என்றேன்.

கண்ணைத் திறந்தார். “யாருக்குண்ணே?”

“நமக்குத்தாம்மா! வேற யாருக்கு?”

சுற்றுவதை நிறுத்தி மகளைக் கேட்டார். “சந்திரா?”

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பய நர்சம்மா விரலப் புடிச்சிக்கிட்டு விடவே மாட்டேங்கறான். முடியப் பாக்கணுமே, கருகருன்னு!”

“சரிண்ணே. இந்த ஒண்ண முடிச்சிட்டு வந்துர்றேன். சாயங்காலம் தூக்குறாங்களாம்.”

சொல்லிவிட்டு மறுபடி சணலைச் சுற்ற ஆரம்பித்தார். அவருக்குச் சந்தோஷம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உள்ளே அலுப்பு அப்படி நிறைந்து கிடந்தது. சந்தோஷம் வந்தால்கூட வாசலில் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினார். “சாவு வீட்டுப் பூவத் தொட்ட கை” என்றார். சோப்பு வாசனை போகும்வரை காற்றில் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் பேரனை வாங்கினார். வாங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்தார். தெய்வானை பகல் வேளையில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவருடைய கதை பெரிய கதை இல்லை. மலாக்காவில் இந்த மாதிரிப் பொம்பளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஜாசின் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் எஸ்டேட்டில், பிறந்தவர். அதே தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தம்பிராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு டவுனுக்கு வந்து ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். சந்திரமதிக்கு மூன்று வயது நடந்தபோது ஜப்பான்காரன் காலம். ஒருநாள் வேலைக்காட்டுக்கே லோரி வந்தது. சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். தம்பிராஜா பால் வாளியை மரத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஏறினாராம். திரும்பி வரப்போகிறவன் வாளியைக் கவிழ்த்துத்தான் வைப்பான், மழைத் தண்ணீர் நிறையக் கூடாது என்று. தெய்வானை இதைச் சொல்லும்போது கையைக் கவிழ்த்துக் காட்டுவார்.

சண்டை முடிந்து கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்த ஒருவர், தம்பிராஜா வாந்திபேதியில் விழுந்ததைப் பார்த்தேன் என்றார். “செத்தாரா?” என்று தெய்வானை கேட்டதற்கு, “விழுந்ததப் பாத்தேன். அதுக்கப்புறம் எங்கள வேற கேம்புக்கு ஓட்டிட்டாங்க” என்றார். இன்னொருவர் வந்தார். தம்பிராஜா காட்டுக்குள் தப்பி ஓடிவிட்டார், சயாம்காரி ஒருத்தியோடு குடும்பம் நடத்துவதாகக் கேள்வி என்றார். அவரும் கண்ணால் பார்க்கவில்லை.

இரண்டையும் கேட்டுக்கொண்டு தெய்வானை பிள்ளையோடு டவுனுக்கு வந்துவிட்டார். கல் சுமந்தார், துணி துவைத்தார். கடைசியில் இந்த வளையக் கடை. தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. செத்தார் என்று யாரும் சொல்லவில்லையே, பிறகு எப்படி அழிப்பது?

ஆனால் ஊருக்கு அது பிடிபடவில்லை. கல்யாண வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக வருவார்கள். தெய்வானை முன்னால் வந்ததும் தட்டு கொஞ்சம் தயங்கும். கொடுக்கவா, வேண்டாமா என்று. அந்தத் தயக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவர் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். “வேல இருக்கு” என்பார். வேலையும் இருந்தது.

காஜா பேராங்கில் பொன்னம்மா என்ற செட்டிக்காரம்மாவின் பலகை வீட்டில், பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தார். பொன்னம்மாவுக்குத் தமிழ்ப் பெயர், கழுத்தில் தாலி, நெற்றியில் திருநீறு, ஆனால் தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன குடும்பம் என்பதால் தமிழ் வராது. வாயைத் திறந்தால் மலாய்தான். தெய்வானையும் அவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள், மலாயில் சண்டை போட்டுக்கொள்வார்கள். நான் முனிசிபல் ரோட்டு வேலையில் இருந்தவன். எங்கள் வரிசை வீடுகளும் பக்கத்தில்தான். என் மகன் கருணாகரன் பஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவன் சந்திரமதியைத்தான் கட்டுவேன் என்று நின்றான். எனக்கு மறுப்பில்லை. என் மனைவி காலமாகிவிட்டதால் வீட்டில் எல்லாம் என் அக்கா ருக்மணியின் பேச்சுதான். அக்காவுக்கும் பெண்ணைப் பிடித்துத்தான் இருந்தது.

பெண் பார்த்து முடிந்து, கல்யாணத்தை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நாடு மெர்டேக்கா, சுதந்திரம், வாங்கப்போகிற வருஷம். அப்போதுதான் அக்கா கேட்டது.

“பத்திரிகையில அப்பா பேரு எப்படிப் போடுறது? காலஞ்சென்றன்னு போடணுமா, வேணாமா?”

தெய்வானை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “வேணாங்க்கா.”

“அப்ப ஆளு இருக்காரா?”

“தெரியலக்கா.”

“தெரியலன்னா? மணமேடைக்குப் பக்கத்துல படம் வைப்பீங்கல்ல?”

“வைக்கணும். எம் பொண்ணு அப்பன் மொகத்தப் பாத்துக்கிட்டுத்தான் தாலி கட்டிக்கணும்.”

“படம் வச்சா மால போடணும். மால போட்டா செத்தவருன்னு அர்த்தம். அப்ப நீ காரியம் பண்ணிட்டு, தாலிய எறக்கிட்டுல்ல வரணும்? மால போடாம வச்சா ஆளு எங்கன்னு நாலு பேரு கேப்பாங்க. சயாம்காரியோட இருக்காருன்னு நான் சொல்லவா?”

“அக்கா!” என்றேன் நான்.

“நீ சும்மா இரு பொன்னுதுரை. காரியம் பண்ணாத ஆத்மா கல்யாண வீட்டுல வந்து நின்னா யாரு தாங்குறது? உசுரோட இருக்கறவரு படத்துக்கு மாலையப் போட்டு, அதனால அவருக்கு ஒண்ணு ஆனா அந்தப் பாவம் யாருக்கு? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லு. நடுவுல நிக்க வேணாம். இத முடிவு பண்ணாம நம்ம வீட்டுல கல்யாணம் கெடையாது.”

அக்கா கெட்டவள் இல்லை. பயந்தவள். பயத்தைச் சத்தமாகப் பேசுகிறவள். ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் கருணாகரன் சாப்பிடவில்லை. நான் தெய்வானையைப் பார்க்கப் போனேன். அவர் படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய ஸ்டூடியோ படத்தில் இருந்து தம்பிராஜாவை மட்டும் பெரிசாக்கிச் சட்டம் போட்டது. ஒரு ஓரத்தில் புடவை கட்டிய தோள் ஒன்று பாதி தெரிந்தது.

“இது ஏந் தோளுண்ணே” என்றார். “ஸ்டூடியோக்காரன் இத வெட்ட முடியலன்னு விட்டுட்டான். இதுக்கு மாலையப் போட்டா எனக்கும் சேத்துத்தான் போடணும்.”

பொன்னம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். தெய்வானை சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் வேறு எதற்கோ போய்விட்டார்.

“கடைக்கி வர்றவங்கல்லாம் என்ன கேக்குறாங்க தெரியுமா? காகிதப் பூவா, ஹிடுப்பான்னு. அறுத்துத் தண்ணியில வச்ச பூவுக்கு ஹிடுப்புன்னு பேரு. உசுருள்ள பூவாம். நாள விடிஞ்சா கருகிப் போயிரும். இத்தன வருசமா ஹிடுப் ஹிடுப்னு செத்ததத்தான் கட்டிக்கிட்டிருக்கேன்.”

பொன்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வேலியோரம் கையைக் காட்டினார். “ஹிடுப் வேணும்னா அந்தா நிக்குது பாரு” என்று மலாயில் சொன்னார்.

அங்கே பால் டின்களிலும் ஓட்டைச் சட்டிகளிலும் அவருடைய செடிகள் இருந்தன. ரணகள்ளி, கற்றாழைக் குட்டிகள், பிரண்டை, பத்துமணிப் பூச்செடி. எல்லாம் சதைப்பிடிப்பான செடிகள், கிள்ளிப் போட்டால் பிழைப்பவை. தெய்வானையின் வாளி ஒன்றும் நடுவில் இருந்தது. தம்பிராஜா கவிழ்த்து வைத்துவிட்டுப் போன அதே வாளி. அதில் கற்பூரவள்ளி மண்டியிருந்தது.

தெய்வானை அதையெல்லாம் தினமும் பார்க்கிறவர்தான். அன்றைக்கு எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“அண்ணே, வேரோட ஒண்ணு இருந்தா அது மாலையாகுமா?”

எனக்கு விளங்கவில்லை. “வேரோட மாலையா? எப்படிம்மா?”

“கட்ட மாட்டேன். நடுவேன். வளையத்துல நடுவேன்.”

மறுநாளே கடையிலிருந்து இரண்டு பிரம்பு வளையங்கள் கொண்டுவந்தார். மழைமரத்தில் தொற்றி வளரும் பெரணியின் வேர்க்கட்டையை நான் கொண்டுவந்து கொடுத்தேன், எங்கள் ஆட்கள் கிளை கழிக்கும்போது விழுந்தது. அதைப் பிய்த்து, தென்னை நாரோடு கலந்து, ஈரமாக்கி, இரண்டு வளையங்களுக்கும் நடுவில் அடைத்து, கம்பியால் இறுக்கிச் சுற்றினார். மூங்கில் குச்சியால் துளை போட்டுத் துளை போட்டுச் செடிகளைச் சொருகினார். வேலை முடிந்து வந்த களைப்பில் செய்தும், கை பிசகவில்லை. முடித்ததும் பச்சையும் சிவப்புமாக அது நன்றாகத்தான் இருந்தது. பொன்னம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஆனால் நாட்கள் போகப் போக அது கறுத்தது. இலைகள் கண்ணாடிபோல் ஆகி, தொட்டால் கூழாக வந்தன. தண்டுகள் அடியில் வழுவழுத்தன. தெய்வானை காலையில் எழுந்ததும் தண்ணீர் தெளித்தார், வேலைக்குப் போகும்போது தெளித்தார், வந்ததும் தெளித்தார். கடையில் அப்படித்தான். வளையம் என்றால் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தவுக்கே கத்துவார். வளையத்தைக் கண்டால் அவர் கை தானாகத் தண்ணீருக்குப் போனது.

வெற்றிலை பாக்குக் கொடுக்கும் நாள் பற்றிப் பேச அக்கா வந்தபோது, அறைக்குள் நுழைந்ததுமே மூக்கைப் பொத்தினாள்.

“என்ன நாத்தம் இது?”

சுவரோரம் பார்த்தாள். பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

“தெய்வானை, இதுக்கு மேல என்னத்தக் கேக்குற? அவரு பேரச் சொல்லி வச்சது அழுகிப் போச்சே. சொல்லிட்டாருல்ல?”

அக்கா போன பிறகு தெய்வானை வளையத்திலிருந்து அழுகினதையெல்லாம் பிய்த்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். கம்பியைக் கழற்றவில்லை. அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

“போடுங்கண்ணே” என்றார்.

“எத?”

“காலஞ்சென்றன்னு போடுங்க. அலுத்துப் போச்சு. காத்திருந்து அலுத்துப் போச்சுன்னு கூட இல்ல. ஒவ்வொருத்தருக்கும் தெரியலன்னு சொல்லிச் சொல்லியே அலுத்துப் போச்சு.”

சந்திரமதி உள்ளேயிருந்து வந்தாள். “அம்மா, எனக்காகப் பண்ணாத.”

“ஒனக்காக இல்லடி. எனக்குத் தூங்கணும்.”

நான் என்ன செய்வது? ஆடி பிறந்துவிட்டது. பத்திரிகை அடித்தாக வேண்டும். எழுதின தாளை எடுத்துக்கொண்டு டவுனில் சேதுராமன் அச்சகத்துக்குப் போனேன். அங்கே கால் வைக்க இடமில்லை. மெர்டேக்கா நோட்டீஸ், மெர்டேக்கா வாழ்த்து, சங்கத்து மெர்டேக்கா விருந்து அழைப்பு. சேதுராமன் கையெல்லாம் மையோடு என் தாளை வாங்கிப் படித்தார்.

“கல்யாணம் ஆவணியிலதானே? மொதல்ல நாட்டுக் கல்யாணம் முடியட்டும் பொன்னுதுரை.”

“பத்திரிகை முன்னாடியே வேணுமேய்யா.”

“எழுத்து இல்லய்யா! மெர்டேக்கா, மலாயா, மலாக்கா, எல்லாத்துக்கும் கால் வேண்டியிருக்கு. இருந்த துணைக்காலெல்லாம் நோட்டீஸ்ல மாட்டிக்கிட்டு நிக்குது. ஒன் பத்திரிகையில மொத வார்த்தையே காலஞ்சென்ற. கால் இல்லாம எப்படிக் கோக்குறது? கலஞ்சென்றன்னு போட்டா ஒத்துக்குவியா? போயிட்டு, நோட்டீஸ் எறங்குனதும் வா.”

அங்கிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்தபோது, ஏனோ தெரியவில்லை, கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது.

அச்சகம் திரும்பக் கூப்பிடும்வரை தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அதற்குள் ஒரு காலையில், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, தெய்வானை எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியது.

“அச்சடிச்சாச்சாண்ணே?”

“இல்லம்மா. கால் இல்லயாம்.”

“என்ன கால்?”

“அத விடு. என்ன விஷயம்?”

உள்ளங்கையை விரித்தார். ஒரு ரணகள்ளி இலை. வாடிச் சுருங்கியிருந்தது. ஆனால் இலையின் ஓரத்துப் பற்களில் குட்டிக் குட்டியாக இலைகள் விட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நூல்போல வெள்ளை வேர்.

“அழுகுனதப் பிச்சு எறிஞ்சேன்ல? இது ஒண்ணு ஜன்னக் கட்டையிலயே விழுந்து கெடந்திருக்கு. மண்ணு இல்ல. தண்ணி ஒரு சொட்டு ஊத்தல. யாரும் திரும்பிக்கூடப் பாக்கல.” இலையைத் திருப்பிக் காட்டினார். “அவரு ஒண்ணும் சொல்லலண்ணே. நாந்தான் தண்ணி ஊத்தி ஊத்தி அழுக வச்சிருக்கேன்.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “இலையப் பாத்து ஆளு இருக்காருன்னு சொல்றியா?” என்றாள்.

“இல்லக்கா. இருக்காருன்னும் சொல்லல. இல்லன்னும் சொல்லல. தெரியலன்னுதான் சொல்றேன். திரும்பவும் அதேதான். இன்னும் கொஞ்ச நாளைக்கிச் சொல்லிக்கறேன்.”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தெய்வானை நின்ற நிலையைப் பார்த்தாளோ என்னவோ, “மொதல்ல உக்காந்து தண்ணியக் குடி” என்றாள். தெய்வானை உட்காரவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். நான் சட்டைப் பையிலிருந்த தாளில் ‘காலஞ்சென்ற’ என்ற முதல் வார்த்தையைப் பேனாவால் அடித்துவிட்டேன். அச்சடித்து வந்த பத்திரிகையில் ‘திரு. தம்பிராஜா – தெய்வானை தம்பதியரின் மகள்’ என்றுதான் இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, “படம்?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி கல்யாண நாள்வரைக்கும் அப்படியே நின்றது.

இந்தத் தடவை தெய்வானை அவசரப்படவில்லை. செடிகளை வெட்டி, வெட்டின வாய் காயட்டும் என்று நிழலில் ஒரு சுளகில் பரப்பி வைத்தார். வாய் காய்ந்து தழும்பு கட்டின பிறகுதான் சொருகினார். ஒவ்வொன்றையும் கொண்டையூசி மாதிரி வளைத்த கம்பியால் பிடித்து வைத்தார். மழைமரத்துப் பட்டையில் காசுகாசாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கொடியையும் ஓரத்தில் சுற்றிவிட்டார். பிறகு வளையத்தை நிமிர்த்தவே இல்லை. வேர் பிடிக்கும்வரை படுத்தே கிடக்கட்டும் என்று ஒரு பலகையில் வைத்து, பொன்னம்மாவின் பக்கத்துத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார்.

“ஒன் வீட்டுல வச்சா என்னவாம்?” என்று பொன்னம்மா கேட்டார்.

“ஏங் கை சும்மா இருக்காது. நான் தண்ணியோட வந்தா வெரட்டிவிடு.”

பொன்னம்மாவும் விரட்டத்தான் செய்தார். ஒரு சாயங்காலம் தெய்வானை சொம்போடு போக, அவர் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன்.

மெர்டேக்காவுக்குக் கடையில் வேலை குவிந்தது. வரவேற்பு வளைவுகளுக்கெல்லாம் பூ வேண்டியிருந்தது. முதல் தடவையாகச் சாவு இல்லாத பூ கட்டினேன் என்று தெய்வானை சொன்னார். ஊரே பாடாங் மைதானத்துக்குக் கொடி பார்க்கப் போனபோது அவர் அறையில் தூங்கினார். “நாடு பொறந்தப்ப நான் கொறட்ட விட்டுக்கிட்டிருந்தேன்” என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொள்வார்.

கல்யாணம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில். நான் விடிந்ததும் போனபோது படம் ஏற்கெனவே வந்துவிட்டது. மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் தம்பிராஜா. அவரைச் சுற்றி வளையம், தடித்த இலைகளோடு, பச்சையும் சாம்பலும் ஓரத்தில் சிவப்புமாக. பக்கத்தில் தெய்வானை நின்றார். புதுப் புடவை கட்டியிருந்தார். பொட்டு இருந்தது.

அக்கா மாப்பிள்ளையோடு உள்ளே வந்தாள். பார்த்தாள். ஆலாத்தித் தட்டை என் கையில் திணித்துவிட்டு நேராக அங்கே போனாள்.

“வளையமா? கல்யாண மண்டபத்துல சாவு வளையமா? மால போட்டாக்கூடப் பரவால்லயே! ஒனக்கு இந்த வேலையத் தவிர வேற தெரியாதா?”

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா கையை நீட்டி ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். பிய்த்து எறிந்துவிடுகிற வேகம்தான். பூவாக இருந்திருந்தால் கையோடு வந்திருக்கும். இது வரவில்லை. வளையமும் படமும் சேர்ந்து நாற்காலியை விட்டு எழும்பின. அக்கா திடுக்கிட்டுக் கையை விட்டாள்.

“இழுங்கக்கா. இன்னும் இழுத்துப் பாருங்க” என்றார் தெய்வானை. குரலில் கோபம் இல்லை. ராத்திரியெல்லாம் பலகாரம் சுட்ட அலுப்புதான் இருந்தது. “வேரு விட்டிருக்கு.”

அக்கா குனிந்தாள். இலையை விலக்கி உள்ளே பார்த்தாள். நாருக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் ஓடிப் பின்னிக்கிடந்தது. விரலால் அதைத் தடவினாள். வெகுநேரம் நிமிரவே இல்லை. ஐயர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

“இது தொடுத்தது இல்ல” என்றாள் அக்கா கடைசியில்.

“இல்லக்கா.”

“அறுத்ததும் இல்ல.”

“அறுத்துத்தான் நட்டேன். இப்ப அதுவா நிக்குது.”

“அப்ப இது மால இல்ல. வளையமும் இல்ல. என்னத்தடி இது?”

“ஹிடுப்” என்றார் பின்னாலிருந்து பொன்னம்மா, பேச்சு புரிந்த மாதிரி.

யாரோ சிரித்தார்கள். அக்கா திரும்பி, முறைக்க நினைத்தவள், முறைக்காமல் விட்டுவிட்டாள். தன் முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, வளையத்தைச் சரிசெய்து வைத்தாள்.

“யாராவது கேட்டா செடின்னு சொல்லுங்க” என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள். “பொண்ணோட அப்பா படத்துக்கிட்ட ஒரு செடி வச்சிருக்கோம். அவ்வளவுதான். அதுக்கு என்ன இப்ப? ஏய், மேளம் என்னத்துக்கு நின்னு போச்சு?”

தாரை வார்க்க ஜோடியாக நிற்க வேண்டும் என்பதால் பொன்னம்மாவும் அவர் வீட்டுக்காரரும் நின்றார்கள். ஐயர் சொன்னதையெல்லாம் மலாய் வாயால் திருப்பிச் சொல்லிப் பெண்ணைக் கொடுத்தார்கள். சந்திரமதி படத்தைப் பார்த்துக்கொண்டே கழுத்தை நீட்டினாள். அப்புறம் குங்குமத் தட்டு வந்தது. வரிசையாக வந்து தெய்வானை முன்னால் பழையபடி நின்றது. தட்டை வைத்திருந்தது எங்கள் சொந்தத்தில் ஒரு பெண், விஜயா. அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“என் மொகத்துல என்ன இருக்கு? குடு” என்றாள் அக்கா.

தெய்வானை எடுத்து வைத்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்ததும் மாலைகள் வாடிக் குப்பைக்குப் போயின. வளையம் வீட்டுக்குப் போனது. படத்தைச் சுற்றி அறைச் சுவரில், ஜன்னல் வெளிச்சம் படுகிற இடத்தில் மாட்டினார்கள். அது வளர ஆரம்பித்துவிட்டது. ரணகள்ளி தம்பிராஜாவின் நெற்றியை மறைக்கும். காசுக்கொடி வாயை மறைக்கும். தெய்வானை ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைக் கத்தரியால் கிள்ளிவிடுவார், முகம் தெரிகிற அளவுக்கு. கிள்ளினதையெல்லாம் டின்களில் நடுவார். இப்போது எங்கள் வரிசை முழுக்க அந்தச் செடிதான். அக்காவே நாலு டின் வைத்திருக்கிறாள்.

பேரனுக்குப் பெயர் வைக்கிற பேச்சு வந்தபோது, நான்தான் அதைச் சொன்னேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் கொட்டாவி விட்டால்கூட நாலு வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில், பெரிய மனசு பண்ணுகிறேன் என்ற நினைப்பில், “தம்பிராஜான்னே வச்சிருவோம்மா. அவரு பேரு வீட்டுல இருக்கட்டும்” என்றேன். அக்காவும் தலையாட்டினாள்.

தெய்வானை மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

“வேணாம்ணே. அந்தப் பேர இன்னும் அவருதான் வச்சிருக்காரு.”

ஜெயபாலன் என்று வைத்தோம்.

பிள்ளையைச் சந்திரமதியிடம் கொடுத்துவிட்டு எழுந்தவர், சுவரருகே போய் நின்று மேலே பார்த்தார்.

“அண்ணே, ஒரு ஒத்தாச. ஆணி தளருது. நாளுக்கு நாள் பாரமாயிருச்சு. என்னால தூக்கி எறக்க முடியல.”

நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். நிஜமாகவே கனம்தான். ஈரமும் வேரும் இலையுமாக, ஒரு ஆள் தூக்குகிற பாரம் இல்லை அது. கட்டிலில் படுக்க வைத்தோம். முனிசிபல் பட்டறையிலிருந்து நீளமான ஆணி ஒன்று கொண்டுவந்து, சுவரின் சட்டப் பலகையில் அடித்தேன். அடிக்கிற சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. திரும்பிப் பார்த்தேன். தெய்வானை கட்டிலின் ஓரத்தில், வளையத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். ஒரு கை அதன் மேல் இருந்தது.

எழுப்ப வேண்டாம் என்று நாங்கள் காத்திருந்தோம். அதைத் திரும்ப மாட்ட ஒரு ஆள் போதாது.